முறைத் தண்ணீர்

மண்வெட்டிக் காம்பில் ஆடிக்கொண்டிருந்த இரும்பை ஈரத் தோல்வாரால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த பால்மோ, உள்ளே இருமல் நின்றுவிட்டதைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தாள். அவள் புருஷன் சுல்டிம் போன மார்கழியிலிருந்து இருமிக்கொண்டிருக்கிறார். மலைச்சாலை போடும் வேலையில் பதினெட்டு வருடம் கல்தூளைத் தின்ற நுரையீரல். விடியற்காலையில் ஒரு பாட்டம் இருமித் தீர்த்துவிட்டுக் கொஞ்சநேரம் அசந்துபோவார். அதனால் அவள் கட்டை முடித்து, வாரின் நுனியைப் பல்லால் கடித்து இறுக்கிய பிறகுதான் குரல் கொடுத்தாள்.

“ரெண்டு சுத்து சுத்தியாச்சு. இனி ஆடாது.”

பதில் இல்லை. சற்று முன்னால்தான் அவர் உள்ளேயிருந்து அதட்டியிருந்தார். “ஒரு சுத்து பத்தாது. பாதி வயல்ல கழண்டுக்கும். அப்புறம் கையாலயா மடை வெட்டுவே?” மூச்சு வாங்கினாலும் அதட்டலில் குறை வைக்கமாட்டார்.

உப்புத் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். படுத்தால் மூச்சு அடைக்கும் என்று சுவரோரம் கம்பளி மூட்டைகளை அடுக்கிச் சாய்ந்தே இருந்தார். தாடை நெஞ்சில் இறங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரோ சொன்ன வேடிக்கையைக் கேட்டுச் சிரிக்கலாமா என்று யோசிக்கிறவர் மாதிரி இருந்தார். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மூக்கருகே கையை வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். கையில் மண்வெட்டி வேலையின் மரமரப்பு இருந்ததால் கையை அவள் நம்பவில்லை. கன்னத்திலும் ஒன்றும் படவில்லை. வயிற்றில் சூடு இருந்தது. பாதம் இரண்டும் ஜில்லிட்டுவிட்டன.

அலறத்தான் வாயைத் திறந்தாள்.

“பால்மோ!” மேலே வாய்க்கால் கரையிலிருந்து குரல் வந்தது. ஊர்த் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் இந்த வருடத்து நீராணி தார்கே. “வெயில் செம்பாறைக்கு இறங்கப்போகுது! உன் முறை! மடைகிட்ட ஆள் இல்லேன்னா அப்புறம் என்னைச் சொல்லாதே!”

“இதோ வர்றேன், அச்சோ!”

சாதாரணக் குரல். தினமும் அவரை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுகிற அதே குரல். தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்று புரிந்துகொள்ள அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

செய்ய வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. உடலைத் தொடாமல், ஓடிப்போய்க் கோயில் லாமாவைக் கூட்டிவர வேண்டும். பிரிந்த உயிர் திகைத்து நிற்கும். அதன் காதில் வழி சொல்ல வேண்டும். பங்காளி வீடுகளுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அதன் பிறகு எரியூட்டி முடியும்வரை அந்த வீட்டார் ஊற்றையும் வாய்க்காலையும் தொடக்கூடாது. தண்ணீரில் குடியிருக்கும் நாகர்கள் சாவுத் தீட்டைப் பொறுக்கமாட்டார்கள். அந்த வீட்டின் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

மலைமேல் பனிப்பாறை இருந்த காலத்தில் இதனால் யாருக்கும் பெரிதாக நஷ்டமில்லை. ஒரே நேரத்தில் மூன்று வீடுகள் மடையைத் திறந்துகொள்ளும். நாலைந்து நாளில் மறுபடி முறை வந்துவிடும். இப்போது உச்சியில் கறுப்புப் பாறையும், அதன் இடுக்கில் அழுக்குத் துணியை விரித்துப் போட்டதுபோல ஒரு பனித்திட்டும்தான் மிச்சம். போன குளிர்காலத்தில் கணுக்கால் நனையும் அளவுக்கு மூன்று தடவை பனி விழுந்தது. விழுந்ததையும் காற்று கொண்டுபோய்விட்டது. பதினைந்து வீட்டில் நான்கைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மீதிப் பதினொரு வீட்டுக்கு, இரவெல்லாம் குட்டையில் தேங்கியதும் பகலில் உருகி வருவதும் சேர்த்து, ஆளுக்கு ஒரு பகல். பதினொரு நாளுக்கு ஒருமுறை. கீழே பள்ளத்தில் ஆறு என்னவோ இரைச்சலாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் மாதிரி. சத்தம் மட்டும்தான் இவர்களுக்கு.

பார்லி பால் பிடிக்கிற சமயம். நான்கு பாத்தி. இன்று நனைந்தால் கதிர் கட்டும். பதினொரு நாள் கழித்து நனைந்தால் உமி. போன வருடம் பாதி உமிதான் வந்தது. அதில் ஆடுகள் போயின. மனிதருக்கு ரேஷன் அரிசி வரும். மாட்டுக்கு ரேஷன் கிடையாது. வைக்கோல் இல்லாவிட்டால் மாடு போகும். மாடு போனால் வெண்ணெய் இல்லை, அடுப்பில் எரிக்க வறட்டி இல்லை. அப்புறம் பூட்டு வாங்க வேண்டியதுதான்.

அவள் அவருடைய தாடையைத் தூக்கி, தன் தலைத்துணியால் கட்டினாள். தொட்டாகிவிட்டது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். வாசல் கதவை வெளியே தாழிட்டாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். எதிர்மலையின் செம்பாறை நெற்றியில் வெயில் விழுந்தபோது அவள் மடையருகே நின்றிருந்தாள்.

தார்கே குட்டையின் வாயிலிருந்து கல்லையும் புல்கரணையையும் பெயர்த்தெடுத்தார். தண்ணீர் சேற்று நிறத்தில் தலையை நீட்டி, தயங்கி, அப்புறம் ஓடியது.

“என்ன, இன்னிக்கு உன் புருஷன் கச்சேரியைக் காணோம்?” என்றார் அவர். “ஊர்ல சேவல் இல்லாத குறையே தெரியாது எங்களுக்கு. அந்த இருமலைக் கேட்டுத்தான் நான் எந்திரிக்கறது.”

“ராத்திரி பூராத் தூங்கல. இப்பதான் அசந்திருக்கார்.”

“தூங்கட்டும். எந்திரிச்சா மேல வந்து எனக்குப் பாடம் எடுப்பான். கல்லை அப்படி வைக்காதே, இப்படி வைன்னு.” சிரித்தார். “அவன் நீராணியா இருந்த வருஷம் மாதிரி இனி ஒருத்தனும் இருக்க முடியாது. சொந்த மடையைக்கூட அரை விரல் அதிகமாத் தொறக்கல.”

பால்மோ தண்ணீரின் பின்னால் நடந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது வசதியாக இருந்தது.

முதல் பாத்தி குடித்த குடிக்கு அளவே இல்லை. வெடிப்புகளுக்குள் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. அவள் வரப்பை வெட்டினாள், அடைத்தாள், எலி வளையில் காலை வைத்து மிதித்தாள். வேலை நடக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் பாத்தியின் கடைசி மூலையைத் தொட்டபோதுதான், இதைப் போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு, முப்பது வருடப் பழக்கத்தில், தானாக வந்தது. கூடவே மற்றதும் வந்தது. வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாம் பாத்திக்கு மடை மாற்றிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

அறையில் தேநீரின் மேல் வெண்ணெய் ஆடை கட்டியிருந்தது. அவர் அப்படியே இருந்தார். அவள் அவர் காதருகே வாயைக் கொண்டுபோனாள். லாமா ஓதவேண்டியது எதுவும் அவளுக்குத் தெரியாது. எல்லாருக்கும் தெரிந்த ‘ஓம் மணி பத்மே ஹும்’ மந்திரம் மட்டும் தெரியும். அதைச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்ல, இது போதாது, இவருக்கு இப்போது தேவை ஏதோ ஒரு வழி, ஒரு அடையாளம், எங்கே திரும்ப வேண்டும் எங்கே நிற்கக்கூடாது என்று எவராவது சொல்வது, என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. உயிர் இந்தக் கூரைக்கடியில் எங்கோ முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குத் தெரிந்த பேச்சில் ஏதாவது சொல்ல வேண்டும்.

“முதல் பாத்தி முடிஞ்சிருச்சு,” என்றாள் காதில். “கிழக்கு மூலை வரைக்கும் ஏறிருச்சு. நீங்க சொல்வீங்களே, அந்த மேடு, அங்ககூட. இப்ப ரெண்டாவதுல ஓடுது. எங்கயும் போயிராதீங்க. பயப்படாதீங்க. சாயங்காலம் லாமாவைக் கூட்டிட்டு வந்துர்றேன்.”

அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மடையை அடைச்சுட்டு வா என்றிருப்பார்.

உச்சிக்கு முன்பே இரண்டாம் பாத்தி முடிந்தது. மூன்றாவதற்கு மாற்றிவிட்டு மறுபடி வீட்டுக்கு வந்தவள், வாசலில் யூடோல் நிற்பதைப் பார்த்தாள். கையில் தயிர்ச் சட்டி.

யூடோலின் வயல் இவர்கள் வயலை ஒட்டியது. தண்ணீர் முறையிலும் இவர்களுக்கு அடுத்த வீடு. அறுபதை நெருங்கிய விதவை; பால்மோவுக்கு அக்கா முறை, ஆச்சே. வீட்டில் ஒரு மருமகள். மகன் எங்கோ ராணுவ முகாமில் சுமை தூக்குகிறான். மூன்று வருடத்துக்கு முன், யூடோலின் முறைக்கு முதல் நாள் அவள் மாமியார் செத்துப்போனாள். அந்த வருட நீராணி சுல்டிம். யூடோல் வாய்க்கால் கரையில் அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். ‘கிழவி தொண்ணூறு வயசுல போனதுக்கு என் பட்டாணி என்ன பண்ணும்?’ என்று கேட்டாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு மடையை அடைத்தார். பட்டாணி காய்ந்தது. இரண்டு வருடம் யூடோல் இவர்களோடு பேசவில்லை. போன குளிர்காலத்தில், இருமல் கேட்க ஆரம்பித்த பிறகுதான், மறுபடி வர ஆரம்பித்திருந்தாள்.

“கதவை வெளிய தாழ் போட்டுட்டு நோயாளியை உள்ள வெச்சிருக்கியே, என்ன பழக்கம் இது?”

“காத்து அடிக்குது, ஆச்சே. தொறந்துக்குது.”

“தள்ளு. கொஞ்சம் தயிர் ஊட்டிட்டுப் போறேன். நீ வயலைப் பாரு.”

“தூங்கறார்.”

“பக்கத்துல உக்காந்திருக்கேன். எந்திரிச்சதும் குடுக்கறேன்.”

“வேணாம் ஆச்சே.” பால்மோ கதவின் முன்னால் நின்றாள். “இப்பதான் அசந்தார். கதவுச் சத்தம் கேட்டாலே இருமல் வந்துரும்.”

யூடோல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சேறு படிந்த கையை, துணியில்லாத தலையை, கண்களை.

“நீ சாப்பிட்டியா?”

“ம்.”

“பொய் சொல்றே. முகத்துல எழுதியிருக்கு.”

யூடோல் தயிர்ச் சட்டியைப் படியில் வைத்தாள். போகவில்லை. தாழிட்ட கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். ஒரு மாசமா வர்றேன், போறேன், வாய்ல வர மாட்டேங்குது. இருமறதைப் பாத்தா சொல்றதுக்கு நாள் நெறைய இல்லேன்னு தோணுது. தப்பா எடுத்துக்காதே.” பிறகு பால்மோ தடுப்பதற்குள், கதவிடுக்கில் வாயை வைத்து, தூங்குகிறவர் முழித்துவிடக் கூடாது, ஆனால் காதில் விழவும் வேண்டும் என்ற ஒரு குரலில் சொன்னாள்: “சுல்டிம்! யூடோல் பேசறேன். அந்தப் பட்டாணி விஷயம் எனக்கு மனசுல இல்ல. நீ முறைப்படிதான் செஞ்சே. கோவத்துல நெறையச் சொல்லிட்டேன். அதையெல்லாம் நீ சுமந்துக்கிட்டு இருக்காதே. கேக்குதா?”

கதவுக்கு அந்தப் பக்கம் எதுவும் அசையவில்லை.

“நல்லாத் தூங்கறார்,” என்றாள் யூடோல். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “பரவால்ல. சொல்லிட்டேன். நாளைக்கு என் முறை. தண்ணி விட்டுட்டு சாயங்காலமா வந்து நேர்லயே சொல்றேன். முழிச்சிருக்கறப்ப சொன்னாத்தான் பதிலுக்கு அதட்டுவார்.”

அவள் போகும்போது வயல் பக்கம் பார்த்து, “இன்னிக்கு நல்லா வருதே தண்ணி,” என்றாள். அதில் பொறாமை இல்லை.

பால்மோவால் கூப்பிட முடிந்திருக்கும். யூடோல் சந்து முனையைத் தாண்டும்வரைக்கும் நேரம் இருந்தது. இன்றைய மீதித் தண்ணீர் யூடோலுக்குச் சேர வேண்டியது. காலையிலிருந்தே அவளுக்குச் சேர வேண்டியது. மூன்றாம் பாத்தியின் பாதி பால்மோவின் கண்முன் நின்றது. அவள் தயிர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

இந்தத் தடவை காதில், மூன்றாவதில் ஓடுகிறது என்று மட்டும் சொன்னாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைக்கப் பார்த்தாள். அது வரவில்லை. முழங்கை மடியவில்லை.

பிற்பகலில் மலையுச்சி மறைந்தது. மழை மேகம் இல்லை. இந்தப் பக்கம் மழை வருவதும் இல்லை. சாம்பல் பூசினாற்போல ஒரு மூடாக்கு. வெயில் படாவிட்டால் மேலே உருகாது. மேலே உருகாவிட்டால் கீழே ஒன்றும் இல்லை. சிறிது நேரத்தில் வாய்க்காலின் இரைச்சல் மெலிந்தது. நான்காம் பாத்தியில் தண்ணீர் பாதி தூரம் போய், நாக்கை நீட்டியபடி நின்றுவிட்டது. அவள் கையால் மண்ணை வாரி வழி செய்துகொடுத்தாள். கெஞ்சினாள். தண்ணீரைத் திட்டினாள். தீட்டோடு வாய்க்காலைத் தொட்ட கை அது என்பது ஞாபகம் வந்தபோது, இதனால்தானோ என்று பயந்து கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள்.

ஊர் முகப்பிலுள்ள மூன்று தூபிகளின் நிழல் வாய்க்காலைத் தொட்டது; முறை முடிந்தது. அவளே மடையை அடைத்தாள். ஒரு சொட்டும் கசியாதபடி, சுல்டிம் அடைப்பது போல.

வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவினாள். அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“மூணரை,” என்றாள்.

பிறகு மாடிக்கு ஏறிப்போய், காலையிலிருந்து தொண்டையில் நின்றிருந்த அலறலை வெளியே விட்டாள்.

ஊர் வந்தது. முதலில் வந்தவள் யூடோல்தான். வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். பால்மோவைக் கட்டிக்கொண்டு, “மத்தியானம் சொல்லிட்டேன்டி, நல்லவேளை சொல்லிட்டேன்,” என்று அழுதாள். பால்மோ அவள் தோளில் மரக்கட்டை மாதிரி நின்றாள். லாமா வந்து அறைக்குள் போய், எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு ஓத ஆரம்பித்தார். தார்கே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்தார். “காலையில அவனைக் கிண்டல் பண்ணேனே,” என்று எல்லாரிடமும் சொன்னார். ஒருவன் கார்கிலில் இருக்கும் மகள் திஸ்கித்துக்குத் தகவல் சொல்ல, போன் எடுக்கிற மேட்டுக்கு ஓடினான். பெண்கள் அடுப்பை ஏற்றுக்கொண்டார்கள். சாவு வீட்டார் அடுப்பு மூட்டக்கூடாது.

லாமா ஓதி முடித்ததும் தார்கே உட்படப் பங்காளி வீட்டு ஆண்கள் நான்கு பேர் உள்ளே போனார்கள். பிணத்தைக் குளிப்பாட்டி, முழங்காலை மார்போடு மடக்கி, உட்கார்ந்த நிலையில் வெள்ளைத் துணியால் கட்ட வேண்டும். வழக்கமாக அதிக நேரம் பிடிக்காத வேலை. உள்ளே பேச்சு கேட்டது. பிறகு பேச்சு நின்றது. தார்கே கதவைத் திறந்து தலையை நீட்டினார். அவர் முகம் மாறியிருந்தது.

“கொஞ்சம் வெந்நீர் குடுங்க,” என்றார். “நெறைய வேணும். மடங்கல.”

அடுப்படியில் இருந்த பெண்களில் ஒருத்தி பாத்திரத்தைத் தூக்கியவள், அப்படியே நின்றாள். சாயங்காலம்தான் செத்த உடம்பு இதற்குள் விறைத்து மடங்காமல் போகாது. அங்கே இருந்த எல்லாரும் பிணம் பார்த்தவர்கள்தான். வெந்நீர் உள்ளே போனது. துணியை நனைத்துப் பிழியும் சத்தம் வந்தது. மறுபடி வெந்நீர் போனது.

நாள் குறிக்கிற ஓன்போ, கண் மங்கிய மனிதர், இது எதையும் கவனிக்காமல் விளக்கருகே பஞ்சாங்க ஏட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தத் திசையில் தூக்குவது, எந்த நாளில் எரிப்பது, உயிர் எந்தப் பக்கம் போகும், எல்லாம் செத்த நேரத்தை வைத்துத்தான்.

“நேரம் சொல்லும்மா. எப்ப அடங்கிச்சு?”

பால்மோ தலையைத் தூக்கினாள். எதிரே பெண்கள் வரிசையில் யூடோல் ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். உருட்டுவது நின்றிருந்தது.

“சரியாச் சொல்லணும். இதுல நாழிகை தப்பினா அவன் வழி தப்பிரும். தூபி நிழல் வந்தப்புறமா, முன்னாடியா?”

நிழல் வந்த பிறகு என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. வெந்நீர்த் துணியோடு உள்ளே போராடுகிற நான்கு பேரும் ஊருக்காக அதை விழுங்கிக்கொண்டிருப்பார்கள். இந்த ஊரில் அப்படி விழுங்கப்பட்டவை நிறைய உண்டு. பால்மோ உள்ளறைக் கதவைப் பார்த்தாள். அந்தக் கதவுக்குப் பின்னால் அவர் பகல் முழுவதும் வழி சொல்லும் ஒரு சொல்லும் கேட்காமல் நின்றிருந்தார். அவள் வாயால் சொல்லும் நேரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இனி அவர் நடக்க வேண்டும்.

“வெயில் செம்பாறைக்கு இறங்கறதுக்கு முன்னாடி,” என்றாள்.

ஓன்போவின் விரல் ஏட்டில் நின்றது. “எப்ப? நேத்தா?”

“இன்னிக்குக் காலையில.”

அடுப்பில் தேநீர் பொங்கி வழிந்தது. எடுக்க யாரும் எழவில்லை. ஓன்போ ஏதோ கேட்க வாயெடுத்து, சுற்றியிருந்த முகங்களைத் தாமதமாகப் பார்த்துவிட்டு, குனிந்து எழுத ஆரம்பித்தார்.

யூடோல்தான் பேசினாள். பால்மோவிடம் இல்லை. லாமாவிடம்.

“அப்ப நான் மத்தியானம் வந்து கதவுக்கு வெளிய நின்னு சொன்னது?”

லாமா வயசில் சின்னவர். கேள்வி எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. ஆறுதலாகவே சொன்னார். “கேட்டிருக்கும், அமா. உயிர் பிரிஞ்சாலும் மூணு நாளைக்குக் காது போகாது.”

“கேட்டிருக்கும்.” யூடோல் தலையாட்டினாள். “அப்ப அதை நான் இனித் திருப்பி வாங்கிக்க முடியாது.”

எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, இறந்தவரின் அறைக்கதவைப் பார்த்து முறைப்படி மூன்று தடவை கும்பிட்டு, வெளியே போனாள்.

மறுநாளும் உச்சி தெரியவில்லை. அதற்கு மறுநாளும். சாம்பல் மூடாக்கு விலகவே இல்லை. யூடோலின் முறையன்று குட்டையில் ஒரு சாண் தண்ணீர் தேங்கியிருந்தது. அது அவள் வயலின் முதல் வரப்பைத் தாண்டவில்லை. பறிபோன நாளுக்கு ஈடாகப் பால்மோவின் அடுத்த முறையும் யூடோலுக்கு என்று தார்கே அறிவித்துவிட்டார். அறிவித்துவிட்டுச் சாவு வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். “நான் நாள் குடுக்கறேன். தண்ணியை எங்க இருந்து குடுப்பேன்?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். பிறகு தாழ்ந்த குரலில், “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, பால்மோ,” என்றார்.

“சொல்லியிருந்தா நீங்க அடைச்சிருப்பீங்க, அச்சோ.”

“அடைச்சிருப்பேன்தான்.”



பெண்கள் சமைக்க வந்தார்கள், போனார்கள். யூடோல் வரவில்லை. அவள் வீட்டுப் பங்கு விறகையும் மாவையும் மருமகள் கொண்டுவந்து வைத்தாள். அளவு குறையாமல் இருந்தது. மூன்றாம் நாள் திஸ்கித் வந்தாள். அவளுக்கு யாரோ வழியிலேயே சொல்லியிருந்தார்கள். அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அபாவுக்கு வலி இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

“இல்ல. மண்வெட்டியைப் பத்தித் திட்டிட்டிருந்தார்.”

திஸ்கித் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். அம்மாவின் கையைப் பிடிக்க நீட்டிய கை பாதியில் தயங்கியதையும், பிறகு வந்து பிடித்ததையும் பால்மோ கவனித்தாள்.

நான்காம் நாள் முற்பகலுக்கு ஓன்போ நேரம் குறித்திருந்தார். வெள்ளைத் துணிக்குள் உட்கார்ந்திருந்த சுல்டிமைப் பல்லக்கில் ஏற்றித் தூக்கினார்கள். முன்னால் மேளமும் தாளமும் போயின. பெண்கள் எரிமேட்டுக்குப் போவதில்லை. சந்து முனைவரை போய் நின்றார்கள். பால்மோ அங்கும் நிற்கவில்லை. திரும்பி வந்து மாடி ஏறினாள்.

எரிமேட்டுக்குப் போகும் பாதை வயல்களை ஒட்டிப் போகிறது. மேலிருந்து எல்லாம் தெரிந்தது. அவளுடைய மூன்றரைப் பாத்தியும் தலை கனத்து அசைந்துகொண்டிருந்தன. வரப்புக்கு அந்தப் பக்கம் யூடோலும் மருமகளும் குனிந்திருந்தார்கள். கதிர் கட்டாத பார்லியை அறுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டால் தாளும் காய்ந்துவிடும். பச்சையாக அறுத்தால் மாட்டுக்காவது ஆகும். வயலில் பாதி மொட்டையாகியிருந்தது. கட்டுகள் வரிசையாகக் கிடந்தன.

மேளச் சத்தம் நெருங்கியபோது யூடோல் நிமிர்ந்தாள். அரிவாளை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். வலக்கையால் தொப்பியைக் கழற்றினாள். பல்லக்கு அவள் வயலின் முழு நீளத்தையும் கடந்து போகும்வரை அப்படியே நின்றாள். மருமகள் ஏதோ சொன்னாள். யூடோல் திரும்பவில்லை.

பல்லக்கு வளைவில் மறைந்தது. அவள் தொப்பியை வைத்துக்கொண்டாள். குனிந்து, அடுத்த பிடித் தாளைக் கையில் சேர்த்துப் பிடித்தாள்.